கூட்டினால் எட்டு

காலை ஒன்பதரைக்குத் தேர்வு. ஒன்பது முப்பத்தைந்துக்கெல்லாம் முதல் லேபில் பதினைந்து பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்கள். "சார், பக்கமே தொறக்கல சார்!" அடுத்த நிமிஷம் இரண்டாவது லேபிலும் அதே கூத்து. அங்கேயும் பதினைந்து பேர்.

சிறுசேரியிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி, செங்கல்பட்டுக்கு வெளியே இருக்கும் இந்தக் கல்லூரியையும் ஒரு கல்லூரியாக மதித்து ஆள் எடுக்க வந்தது அதுதான் முதல் தடவை. 2005-ஆம் வருஷம், ஆவணி மாதம். இறுதியாண்டுப் பிள்ளைகள் ஐம்பத்தாறு பேர் இஸ்திரி போட்ட சட்டையும் கடன் வாங்கிய டையுமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் முப்பது பேருக்கு முன்னால் வெள்ளைத் திரை.

துறைத்தலைவர் ஜானகிராமன் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். வந்தவர் என்ன ஏது என்று பார்த்தாரா? இல்லை. தேர்வு நடத்த வந்திருந்த கம்பெனிப் பெண் விஷாகாவின் முன்னால் போய் நின்று, லேப் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"எங்க லேப் டெக்னீஷியன் ஏதோ தப்பா செட் பண்ணியிருக்கா மேடம். வெறும் டிப்ளமோதான். நான் பார்த்துக்கறேன்."

அந்த லேப் டெக்னீஷியன் அவருக்கு இரண்டடி பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். பெயர் சங்கவி. திருவிடந்தைக் குப்பத்துப் பெண். அம்மா பூவாயி கூடையில் மீன் சுமந்து விற்றுப் படிக்கவைத்த டிப்ளமோ அது. திருவிடந்தையிலிருந்து திருப்போரூர், அங்கிருந்து செங்கல்பட்டு பஸ் என்று இரண்டு வருஷமாகத் தினமும் வந்து, இந்தக் கல்லூரியின் ஒவ்வொரு வயரையும் தன் கையால் இழுத்தவள். 'வெறும் டிப்ளமோ' என்றது காதில் விழுந்ததும் அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை எரிந்தது. ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை. பிள்ளைகள் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

இரண்டு லேபையும் ஒரு சுற்று சுற்றிவந்தாள். முதல் பதிமூன்று கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. பதினான்காவதிலிருந்து இருபத்தெட்டு வரை ஒன்றும் இல்லை. இரண்டு லேபிலும் அச்சு பிசகாமல் அப்படியே. கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் இப்படி வரிசை பார்த்தா கெடும்? இது மனுஷன் செய்த வேலை என்று அவளுக்குப் பட்டுவிட்டது. நேராக சர்வர் அறைக்குப் போய் ரூட்டரைத் திறந்தாள்.

ரூட்டரை நேற்று சாயங்காலம் அவள் விட்டுப்போனபோது இருந்த கதை இதுதான். மூன்று பக்கம் வயர் போகும் பெட்டி. ஒரு பக்கம் முதல் லேப், ஒரு பக்கம் இரண்டாவது லேப், மூன்றாவது பக்கம் தேர்வுக்கான சர்வர். லேபில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கதவிலக்கம் மாதிரி ஒரு ஐ.பி. எண் உண்டு. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரைக்கும் ஒரு தெரு என்று ரூட்டருக்குச் சொல்வதற்கு சப்நெட் மாஸ்க் என்று இன்னொரு எண் உண்டு. சங்கவி கல்லூரிக்கான எண்களை முப்பத்திரண்டு முப்பத்திரண்டாக வெட்டி, லேபுக்கு ஒரு துண்டு கொடுத்திருந்தாள். அதற்கு மாஸ்க் 255.255.255.224. இருபத்தெட்டு கம்ப்யூட்டருக்கு அளவெடுத்துத் தைத்த கணக்கு.

இப்போது திரையில் 224 இல்லை. 240 இருந்தது.

240 என்று போட்டால் தெரு பாதியாகிவிடும். முப்பத்திரண்டு இருந்த இடத்தில் பதினாறு எண்தான், அதிலும் ரூட்டருக்கும் தெருவின் இரண்டு முனைக்குமாக மூன்று போக மிச்சம் பதிமூன்று. அதற்கு அப்பால் இருக்கும் வீடெல்லாம் ரூட்டரைப் பொறுத்தவரை ஊரிலேயே இல்லை. அங்கிருந்து கடிதம் வந்தால் வாங்கிக்கொண்டுபோய் சர்வரிடம் கொடுக்கும். பதிலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதென்று தெரியாமல் தூக்கி எறிந்துவிடும். பதினைந்தும் பதினைந்தும் முப்பது பிள்ளைகள் அப்படித்தான் அநாதையாக நின்றார்கள்.

யார் மாற்றியது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ரூட்டருக்குள் போக ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தாள். எப்போது யார் கைவைத்தார்கள் என்று அது வரிசையாகக் குறித்துவைக்கும். கடைசிக் குறிப்பைப் பார்த்தாள். நேற்று மாலை ஆறு மணி பத்து நிமிஷம். துறைத்தலைவரின் பெயர்.

"அடப்பாவி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

வாசலில் நின்ற அட்டெண்டர் ஏசுபாதம் மெதுவாக உள்ளே வந்தார். "தங்கச்சி, நேத்து நீ அஞ்சரை பஸ்ஸுக்குப் போனியா, அப்பால தாளாளரு அந்த நம்பரு ஜோசியரை இட்டுகினு வந்தாரு. பெட்டிக்கு சந்தனம் கிந்தனம் வெச்சி பூஜ போட்டாங்க. நீ செவுத்துல ஒட்டிக்கீறியே சீட்டு, அதுல அந்த ஆளு பென்சில வெச்சிகினு ஒவ்வொரு நம்பரா கூட்டிகினே வந்தான். இதாண்ட வந்தான் பாரு, அய்யய்யோ எட்டு, சனின்னு ஒரே கத்து."

சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பென்சில் கிறுக்கல் இன்னும் இருந்தது. மூன்று 255-க்கு முப்பத்தாறு. 224-க்கு எட்டு. ஆக நாற்பத்துநான்கு. நான்கும் நான்கும் எட்டு. அதன் கீழே, 240 போட்டால் நாற்பத்திரண்டு, கூட்டினால் ஆறு, சுக்கிரன். ஆறைச் சுற்றி ஒரு வட்டம் வேறு.

கேட்டீர்களா இந்த அநியாயத்தை! ஜோசியனை விடுங்கள், அவன் பிழைப்பு அது. மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் இதே 224-க்கும் 240-க்கும் வித்தியாசம் எழுதிப்போட்டு, பத்து மதிப்பெண் கேள்வி என்று அடிக்கோடு இட்டுப் பாடம் நடத்துகிறவர் ஜானகிராமன். முனைவர் பட்டம் வாங்கியவர். முதலாளி 'மாத்துய்யா' என்றதும், மறுநாள் ஐம்பத்தாறு பேர் உட்காரப்போகிறார்களே என்று ஒரு நிமிஷம் யோசிக்காமல், மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார். ஒரு வார்த்தை அவளுக்குச் சொன்னாரா? அதுவும் கிடையாது.

சங்கவி பழையபடி 224 போட்டாள். லேபிலிருந்து ஹோவென்று பிள்ளைகள் போட்ட சத்தம் சுவர் தாண்டிக் கேட்டது. மூச்சிரைக்க வந்து நின்ற ஜானகிராமனிடம், "பழைய மாஸ்க்கையே போட்டுட்டேன் சார்" என்றாள். அவர் தலையை ஆட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து மணி ஐந்து நிமிஷத்துக்குத் தேர்வு தொடங்கியது. விஷாகா கையில் ஒரு படிவத்தோடு வந்து, "என்ன பிரச்சினை சார்? நான் ரிப்போர்ட்டில் எழுதணும்" என்று கேட்டாள். "டெக்னீஷியன் எரர்தான் மேடம்" என்றார் ஜானகிராமன், கூசாமல், சங்கவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. விஷாகா எழுதிக்கொண்டாள்.

ஏன் சங்கவி வாயைத் திறக்கவில்லை என்று கேட்கலாம். காரணம் முதல் மாடியில், தாளாளர் பூவராகவனின் அறையில், இரும்பு பீரோவுக்குள் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, 'சும்மா சரிபார்க்கத்தான், குடும்மா' என்று அவளுடைய ஒரிஜினல் சர்ட்டிபிகேட் அத்தனையையும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். அந்தக் கல்லூரியில் எல்லாருக்கும் அதே கதைதான். போன வருஷம் ஒரு நல்ல கம்பெனியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். ஒரிஜினல் இல்லாமல் வராதே என்று சொல்லிவிட்டார்கள். கேட்டுப் போனவளைத் தாளாளர், 'இங்க இன்னா கொறச்சல் உனுக்கு?' என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் காகிதங்கள் இல்லாவிட்டால் அவள் பாலிடெக்னிக் வாசலையே மிதிக்காதவளுக்குச் சமம். அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மதியம் இரண்டு மணிக்கு இரண்டாம் கட்டத் தேர்வு. காலையில் தேறியவர்கள் நாற்பத்தொரு பேர் மறுபடி உட்கார்ந்தார்கள், முதல் லேப் நிறைய இருபத்தெட்டு பேர், மீதி பதிமூன்று பேர் இரண்டாவதில். ஒன்றரை மணி நேரத் தேர்வு. அது தொடங்கிக் கால் மணி ஆகியிருக்கும், தாளாளர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது.

பூவராகவன் கல்குவாரியில் சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர். கார், கல்லூரி பஸ், ஃபோன் என்று அவரிடம் இருக்கும் எந்த எண்ணைக் கூட்டினாலும் ஒன்பது வரும். வராததை வாங்க மாட்டார். அவர் மேஜைக்கு இந்தப் பக்கம் ஜானகிராமன் நின்றிருந்தார். மேஜை மேல் ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு தாள். தாளாளர் கையில் ஒரு நீல ஃபைல். அவளுடைய ஃபைல்.

"ந்தா பொண்ணு, இதுல ஒரு கையெழுத்துப் போடு. போட்டுட்டு உன் சர்ட்டிபிகேட்ட எடுத்துகினு போய்க்கினே இரு."

படித்துப் பார்த்தாள். என் கவனக்குறைவால் நெட்வொர்க் எண்களைத் தவறாக அமைத்தேன், கல்லூரிக்குக் களங்கம் உண்டாக்கினேன், தவறை ஒப்புக்கொண்டு நானாகவே விலகுகிறேன் என்று மூன்று பத்தி. இப்படி ஒரு கடிதம் இருந்தால் செங்கல்பட்டிலிருந்து சென்னை வரைக்கும் எந்தக் கம்பெனியும் அவளை ரூட்டர் பக்கம் விடாது. கையெழுத்துப் போடாவிட்டால் ஃபைல் பீரோவுக்குள் திரும்பப் போகும்.

"சார், மாத்தினது நான் இல்லை. நேத்து ஆறு பத்துக்கு மாத்தியிருக்கு. ரூட்டர்லயே பேர் இருக்கு. வந்து பாருங்க சார்" என்றாள், முடிந்த மட்டும் அடக்கமாக.

"பேரு கீதுன்னு எனக்குத் தெரியாதா? நான்தாம்மா மாத்தச் சொன்னேன்." அவர் ஒரு பொட்டுகூடத் தயங்கவில்லை. "அதுக்கு இன்னா இப்போ? நான் எழுதிக் குடுக்கட்டா? இல்ல, பிஎச்.டி. படிச்ச மனுசனை எழுதிக் குடுக்கச் சொல்லட்டா? கம்பெனிக்காரி பேப்பர்ல எழுதினு போறா. யாராவது ஒருத்தர் பேரு வேணும் இல்ல?"

பொய் சொல்லி மாட்டிக்கொண்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தெரிந்தே, முகத்துக்கு நேராக, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற மாதிரி கேட்கிறார் மனுஷன்! இரண்டு வருஷமாக இந்தக் கட்டடத்துக்குள் அவள் அளந்து அளந்து பேசிய தமிழ் அந்த இடத்தில் அறுந்து விழுந்தது.

"அதுக்கு எம் பேருதான் கெடச்சுதா? மீன்காரி பொண்ணு பேருன்னா மலிவா பூடுச்சா? நான் இன்னா சார் தப்பு பண்ணேன்? நீங்க கெடுத்து வெச்சத பழையபடி மாத்தி வெச்சேன். அதாலதான் அந்தப் பசங்க இப்ப உக்காந்து எழுதினு கீதுங்க!"

பூவராகவனின் காதில் திட்டு எதுவும் ஏறவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் ஏறியது.

"பழையபடின்னா?"

"இருநூத்தி இருவத்தினாலு."

தாளாளர் ஜானகிராமன் பக்கம் திரும்பினார். "இன்னாய்யா இது? வேற நம்பரு போட்டு சரி பண்ணியாச்சுன்ன? காலைலேந்து எட்டுலயா ஓடுது? எட்டுலயா எழுதினு கீறானுங்க நம்ம பசங்க?"

"சார், அவசரத்துல..."

"வெளங்குமாய்யா? ஒருத்தனாச்சும் தேறுவானா? போ, போய் மாத்து. இப்பவே மாத்து!"

"டெஸ்ட் நடந்துண்டிருக்கு சார்."

"மாத்துய்யான்றேன்!"

ஜானகிராமன் கதவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நடந்தார், அய்யா! நடுத்தேர்வில் பதினைந்து பிள்ளைகளின் திரை அணைந்துபோகும் என்று அந்த அறையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை, சங்கவியைத் தவிர. தெரிந்தும் நடந்தார். சங்கவி அவரை இடித்துத் தள்ளாத குறையாக முந்திக்கொண்டு படியிறங்கி ஓடினாள். சர்வர் அறை வாசலுக்குப் போய், இரண்டு பக்க நிலையிலும் கையைப் பதித்து நின்றுகொண்டாள்.

"வழி விடும்மா" என்றார் ஜானகிராமன்.

"மாட்டேன்."

"தாளாளர் சொல்றார்."

"அவரு சொல்லுவாரு. நீங்க வாத்தியாரு சார்! உங்களுக்குத் தெரியாது? உள்ள கால வெச்சீங்கன்னா இந்தக் கட்டடமே அதிர்றாப்ல கத்துவேன்."

அதற்குள் பூவராகவனும் மூச்சு வாங்க வந்துசேர்ந்தார். பதற்றத்தில் கையிலிருந்த நீல ஃபைலைக் கீழே வைக்காமலே வந்திருந்தார். "இன்னா தைரியம் உனுக்கு? தள்ளு! ஏசுபாதம், இத்த இஸ்து வெளிய உடு!" ஏசுபாதம் அங்கேயே நின்றார். காலில் ஏதோ முள் தைத்த மாதிரி குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு லேபிலிருந்து விஷாகா வெளியே வந்தாள். "என்ன சார் நடக்குது? உள்ளே டெஸ்ட் போய்க்கிட்டிருக்கு."

பூவராகவனின் முகம் பட்டென்று மாறியது. பல் அத்தனையும் தெரிந்தது. "ஒண்ணுமில்ல மேடம், சும்மா..."

"சார் என்னோட ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் குடுக்க வந்திருக்கார் மேடம்" என்றாள் சங்கவி. சொல்லிவிட்டு வலது கையை நீட்டினாள். இடது கை நிலையை விடவில்லை. "ரெண்டு வருஷமா சார்கிட்டதான் பத்திரமா இருந்துது. அந்த ஃபைல்தான்."

விஷாகா ஃபைலைப் பார்த்தாள். பிறகு தாளாளரைப் பார்த்தாள். "ஒரிஜினலா? ஸ்டாஃபோட ஒரிஜினல் எதுக்கு சார் உங்ககிட்ட?"

அதற்கு என்ன பதில் சொல்வார்? அடுத்த வருஷமும் இந்தக் கம்பெனி வரவேண்டும், விளம்பரத்தில் கம்பெனிப் பெயர் போட வேண்டும். பூவராகவனின் கை தானாக முன்னால் வந்தது. சங்கவி ஃபைலை வாங்கினாள். வாங்கியதோடு விடவில்லை. அங்கேயே, அத்தனை பேரையும் நிற்கவைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு. டிப்ளமோ மதிப்பெண் பட்டியல் ஆறும். டிப்ளமோ சான்றிதழ். சாதிச் சான்றிதழ். எல்லாம் இருந்தது. ஃபைலை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் பேசினாள்.

"மேடம், காலைல நடந்தது என் தப்பு இல்லை. நான் போட்டிருந்த மாஸ்க் சரி. கூட்டினா எட்டு வருது, எட்டு ஆகாதுன்னு ஜோசியர் சொன்னாராம். தாளாளர் மாத்தச் சொல்லி, ஹெச்.ஓ.டி. சார் நேத்து சாயங்காலம் 240 போட்டுட்டார். இப்பவும் மாத்தத்தான் வந்து நிக்கறாங்க. மாத்தினா பதினைஞ்சு கம்ப்யூட்டர் அப்படியே நின்னுடும்."

விஷாகா முதலில் சிரிக்கத்தான் போனாள். ஜானகிராமனின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. "உண்மையா சார்?"

ஜானகிராமன் தரையைப் பார்த்தார். இருபது வருஷ அனுபவம், இரண்டு பாடப் புத்தகம் எழுதியவர், தரையைப் பார்த்தார்.

"ஒரு நம்பிக்கை மேடம்" என்றார் பூவராகவன்.

விஷாகா படிவத்தைத் திறந்து காலையில் எழுதிய வரியை அடித்துவிட்டு, அதற்கு மேலே என்னவோ நீளமாக எழுதினாள். "டெஸ்ட் முடியற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது. தொட்டால் இத்தோட கிளம்பிடுவோம்" என்று சொல்லிவிட்டு லேபுக்குள் போனாள்.

அவள் உள்ளே போனதும் தாளாளர் வெட்கப்பட்டார், தலை குனிந்தார் என்று யாராவது எதிர்பார்த்தால் அவர்கள் அந்த மாதிரி ஆளைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். ஜானகிராமனின் காதருகே போய், சங்கவிக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். "கடைசிப் பையன் எழுந்த அடுத்த நிமிசம் மாத்திடணும். அது மட்டும் எட்டுலயே கிடந்துது, உன்னையும் அனுப்பிடுவேன்." சொல்லிவிட்டு, ஏசுபாதத்தையும் கூட்டிக்கொண்டு படியேறிப் போய்விட்டார். சங்கவியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வராந்தாவில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். வாசலை அடைத்துக்கொண்டு அவள். அவளுக்கு எதிரில், சுவரோரமாக, துறைத்தலைவர். மணி இரண்டே முக்கால்.

"சங்கவி, உன் சர்ட்டிபிகேட் வந்தாச்சு. நீ இனிமே இங்க ஸ்டாஃப் இல்லை. ஏன் நின்னுண்டிருக்கே? போ, பஸ்ஸைப் பிடி."

அவளுக்குக் கால் கடுத்தது. மதியம் சாப்பிடவில்லை. அம்மாவிடம் வேலை போய்விட்டது என்று எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. போயிருக்கலாம். ஆனால் இந்த மனுஷனை நம்பி எப்படிப் போவது? மாடியிலிருந்து இன்னொரு சத்தம் வந்தால் ஓடிப்போய்க் கைவைக்கிற ஆள் இவர். ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றாள்.

மூன்றரை அடித்தது. லேபிலிருந்து பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வெளியே வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி, "அக்கா, நல்லா எழுதியிருக்கேங்க்கா" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். கூட்டம் குறைந்தது. ஜானகிராமன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"எல்லாரும் வந்தாச்சு போலிருக்கே. இப்போ போகலாமாம்மா?"

சங்கவி கழுத்தை நீட்டி லேபுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கடைசி வரிசைல இன்னும் ஒரு பையன் எழுதினு கீறான் சார். நில்லுங்க."